சாம்பல் சீட்டு

ஹில்டா போட்ட எடையில் பத்துக் கிலோ கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். புகழ்ந்து சொல்வதாக நினைத்துவிட வேண்டாம், வயிற்றெரிச்சலில் சொல்வது. மற்ற எடைமேடைகளில் டிரைவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பீடி இழுக்கலாம், கிளீனர் தார்ப்பாய் மேல் தூங்கலாம். ஹில்டாவிடம் அந்தக் கதை நடக்காது. இரண்டு பேரும் கீழே இறங்கி, ஜன்னலுக்கு எதிரே அவள் கண்ணில் படும்படி நின்றால்தான் எடை. தினமும் முதல் லாரி ஏறுவதற்கு முன், முத்திரை குத்திய இருபது கிலோ கற்கள் பத்தை மேடையின் நாலு மூலைக்கும் நகர்த்தி வைத்துச் சரிபார்ப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அதை விட்டதில்லை. ஒருமுறை கம்பெனி முதலாளியே தன் புதுக் காரை விளையாட்டாக மேடைமேல் ஏற்றி, என்ன எடை என்று கேட்டார். இறங்கினால்தான் சொல்ல முடியும் என்றாள். முதலாளி இறங்கினார்.

கம்பெனியின் பெயர் வெண்சுடர் பவர். ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு புகைக்கூண்டும், கரிமலையும், சுற்றிலும் தகர வேலியுமாக இருந்தது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து, அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளுக்கு விற்பதுதான் தொழில். பெயரில் இருந்த வெண்மை பெயரோடு சரி. அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை காயப்போட்டவர்கள் யாரும் வெள்ளைச் சட்டையாக எடுத்ததில்லை.

1995இல் கம்பெனி ஊரறிய ஒரு வாக்குக் கொடுத்தது. பந்தல் போட்டு, மேளம் வைத்து, முதலாளி மைக்கைப் பிடித்துச் சொன்னார். பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் கரி எரிந்து வரும் கரியமில வாயு, ஆகவே புது இயந்திரங்கள் போட்டு மூன்றே வருடத்தில் கம்பெனி எரிக்கும் கரியில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கப் போகிறோம் என்றார். அதை நம்பி வெளிநாட்டு வங்கி ஒன்று இரண்டாவது புகைக்கூண்டுக்குக் கடன் தர ஒப்புக்கொண்டது. வாசலில் பெரிய வெள்ளைப் பலகை ஏறியது. 'வானத்துக்கு நாங்கள் கொடுத்த வாக்கு' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பலகையில் கரி படிந்து எழுத்தே தெரியாமல் போகும், பெயிண்டர் வந்து மறுபடி எழுதிவிட்டுப் போவார். அந்த வாக்கினால் உடனடியாகப் பலன் கண்டவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஹில்டா நம்பினாள். அதைச் சொல்லிவிட வேண்டும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். அவள் மதி எங்கேயும் போகவில்லை, கண்ணெதிரே இருந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் நம்பினாள். முன்பெல்லாம் தினம் இருபத்திரண்டு கரி லாரி அவள் மேடையில் ஏறும். 96இல் அது பத்தொன்பது ஆனது, 97இல் பதினாறு. ஒவ்வொரு லாரிக்கும் பத்து டன். அவள் கையால் போட்ட எடை, அவள் கையால் எழுதிய சீட்டு. கோயிலில் மாதா சபைப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னாள். உலக நாடுகள் எல்லாம் ஜப்பானில் கூடிப் புகையைக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டதென்று டிசம்பரில் பேப்பரில் வந்தபோது, எங்கள் கம்பெனி அதற்கு முன்னாலேயே செய்துவிட்டது என்று வீட்டில் அளந்தாள். எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் புருஷன் ஜோசப்ராஜ், அப்படியா என்று கேட்டுக்கொண்டே மீனில் முள் எடுத்தான்.

98 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்கு வரும் வழியில் டீக்கடையில் பூங்காவனத்தைப் பார்த்தாள். துறைமுகத்திலிருந்து கரி ஓட்டும் டிரைவர். பத்து வருடப் பழக்கம். ஒரு வருடமாக அவனை மேடைப் பக்கமே காணவில்லை. வண்டியை விற்றுவிட்டாயா என்று விசாரித்தாள்.

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட," என்றான் அவன். "டெய்லி உங்க கம்பெனிக்குத்தான் வந்துகினு கீறேன். பின்னால ஏரிக்கரைப் பக்கம் கேட்டு கீதே, அது வழியா. என்னிய மாதிரி ஆறு வண்டி. அங்க எடையும் இல்ல, சீட்டும் இல்ல, எறங்குன்னு சொல்றதுக்கு நீயும் இல்ல. ஜாலியா கீது."

ஹில்டாவுக்கு டீ கசந்தது. பதினாறும் ஆறும் இருபத்திரண்டு. இதைக் கூட்டுவதற்குப் படிப்பு வேண்டாம். துறைமுகத்துப் பில் வேறொரு பெயரில் போகிறதாம், கரி மட்டும் இங்கே எரிகிறதாம். அவள் எழுதிய ஒவ்வொரு சீட்டும் சத்தியம், மொத்தமோ பச்சைப் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், மறைக்க அவளுடைய சோற்றையே எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. காது சூடானது.

அன்று மத்தியானமே மேனேஜர் இராமகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர் என்று பெயர். குரலை உயர்த்த மாட்டார், எல்லோரையும் ஐயா, அம்மா போட்டுத்தான் பேசுவார். மேஜையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. 'இந்நிறுவனத்துக்குள் வரும் நிலக்கரி முழுவதும் இந்த எடைமேடை வழியாக மட்டுமே வருகிறது. 1997ஆம் ஆண்டில் வந்தது சுமார் அறுபதாயிரம் டன்' என்று அதில் இருந்தது. கீழே ஹில்டாவின் பெயரும், கையெழுத்துக்கு ஒரு கோடும். அடுத்த புதன்கிழமை வங்கிக்காரர்கள் வருகிறார்கள், எடை போட்டவரின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம் என்றார்.

பின்வாசல் கரி இதில் சேர்ந்திருக்கிறதா என்று ஹில்டா கேட்டாள்.

இராமகிருஷ்ணன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாக விளக்கினார். புது இயந்திரம் வாங்கியது உண்மை, அது சரிவர ஓடவில்லை. எஸ்டேட்டுக்கு மின்சாரம் நிற்க முடியாது. கடன் வந்தால் இரண்டாவது கூண்டு வரும், இருநூறு பேருக்கு வேலை வரும். அமெரிக்காக்காரன் விடுகிற புகைக்கு முன்னால் நாம் விடுகிற புகை எம்மாத்திரம்?

"கையெழுத்துதானேம்மா," என்றார் கடைசியில். "ஒரு நிமிஷ வேலை."

"நான் போட்ட எடைக்கு எத்தனை கையெழுத்து வேணாலும் போடுறேன் சார். போடாத எடைக்குப் போட மாட்டேன்."

அவர் காகிதத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். புதன்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொன்னார். கையெழுத்து வரவில்லை என்றால் வியாழக்கிழமையிலிருந்து அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே மெல்லிய குரலில் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது ஜோசப்ராஜ் பயந்துவிட்டான். பெரியவள் பத்தாவது பரீட்சை எழுதப் போகிறாள். அவன் லேத்தே அந்தக் கம்பெனிக் கரண்டில்தான் ஓடுகிறது. ஊர் உலகமே பொய்க் கையெழுத்தில் நடக்கிறது, உன் ஒரு கையெழுத்தால் வானம் இடிந்து விழுந்துவிடுமா என்று கேட்டான். ஹில்டா பேனாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அப்போ நீயே போடு. ஹில்டான்னு எழுதத் தெரியும் இல்ல?"

அவன் பேனாவைத் தொடவில்லை. 

வெள்ளிக்கிழமை அவள் மேடையில் உட்கார்ந்திருந்தாள், மனம் அங்கே இல்லை. மாட்டேன் என்று சொல்வது சுலபம். சொல்லிவிட்டு வெளியே போனால், அடுத்து வருகிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். பின்வாசலுக்கு அவளிடம் ஆதாரம் என்ன? டீக்கடையில் ஒரு டிரைவர் சொன்னது. பூங்காவனத்தைக் கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பான், அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. இப்படி யோசித்துக்கொண்டே அவள் கை எதிரே நின்ற லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்துக் கிழிக்கும்போதுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள்.

சாம்பல், எட்டு டன்.

கரி உள்ளே வரும், சாம்பல் வெளியே போகும். இரண்டும் அதே மேடைமேல்தான். சாம்பல் குப்பைதான், கம்பெனி அதற்குக் காசு வாங்குவதில்லை. குமணன்சாவடியில் ஹாலோ பிளாக் கல் போடும் குப்பம்மா என்பவள்தான் அதை மொத்தமாக எடுத்துப் பூந்தமல்லி வட்டாரத்துச் செங்கல் அறுப்பவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பாள். ஒருகாலத்தில் அவளுடைய லாரிக்காரன் ஒருவன் பாதி லோடு ஏற்றிவிட்டு முழு லோடுக்கு வாடகை வாங்கினான். அன்றிலிருந்து எடைச் சீட்டு இல்லாமல் எந்த டிரைவருக்கும் அவள் வாடகை கொடுப்பதில்லை. அதனால் குப்பைக்கும் எடை உண்டு, சீட்டு உண்டு.

ஹில்டா சாம்பல் புத்தகத்தைப் புரட்டினாள். 95இல் தினம் பதினோரு லாரி. 96இல் பதினோரு லாரி. 97இல், கரி பதினாறு லாரியாகக் குறைந்துவிட்ட அந்தப் புண்ணிய வருடத்திலும், பதினோரு லாரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கரியை மறைத்த மகாராஜாக்களுக்குச் சாம்பல் நினைவுக்கு வரவில்லை. குப்பையை எவன் கணக்கில் வைப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

நேராகக் கம்பெனி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அங்கே லட்சுமணன் என்ற சின்ன வயதுக் கெமிஸ்ட் தினமும் ஒரு பிடி கரியை எரித்துப் பார்த்து அளவு எழுதுவான். நம் கரியில் நூறு டன் எரித்தால் நாற்பது டன் சாம்பலாக நிற்கும், பழைய புத்தகங்களிலும் வருடக் கணக்காக அதே கரிதான், அதே அளவுதான் என்றான். மீதி எங்கே போகிறது என்று கேட்டாள். காற்றோடு சேர்ந்து கரியமில வாயுவாகிக் கூண்டு வழியாகப் போகிறது, ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் வாயு என்றான். ஒரு டன் எப்படி ஒன்றரை டன் ஆகும் என்று எடைக்காரி சண்டைக்கு நின்றாள். காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் எடை கூடுகிறது என்று அவன் காகிதத்தில் போட்டுக் காட்டினான்.

ஹில்டா ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்தாள். கணக்கு மனதுக்குள் தானாக ஓடியது. வருடத்துக்கு முப்பத்திரண்டாயிரம் டன் சாம்பல் என்றால் எரிந்தது எண்பதாயிரம் டன் கரி. காட்டியது அறுபதாயிரம். மறைத்த இருபதாயிரத்துக்கு முப்பதாயிரம் டன் வாயு, அவள் தலைக்கு மேலேயே, எந்த மேடையிலும் ஏறாமல், யாரும் இறங்கு என்று சொல்லாமல் போயிருக்கிறது. பதினோரு வருடமாகப் பத்துக் கிலோவுக்குச் சண்டை போட்டவளுக்கு அது தாங்கவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் தப்புச் செய்தாள். கணக்கை லட்சுமணனிடமே சொல்லிவிட்டாள். அவன் முகம் வெளுத்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம் ஆன பையன், பாவம், அவன் என்ன செய்வான். சனிக்கிழமை காலை அவள் வந்தபோது சாம்பல் புத்தகங்கள் இருந்த அலமாரி காலியாக இருந்தது. ஆடிட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள். குப்பைப் புத்தகத்துக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக ஆடிட்.

அன்று சாயங்காலம் அவள் ஜோசப்ராஜிடம் மொபெட்டை எடுக்கச் சொன்னாள். குமணன்சாவடிக்குப் போக வேண்டும் என்றாள். எதற்கு என்று அவன் கேட்டான், அவள் சொன்னாள்.  அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டியை உதைத்தான். பேனாவைத் தொடாதது அவனுக்குள் இரண்டு நாளாக வேலை செய்திருக்க வேண்டும்.

குப்பம்மாவின் கொட்டகையில் எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறக் கற்கள் அடுக்கியிருந்தன. அறுபது வயது, உடம்பெல்லாம் சாம்பல் பூசியிருந்தாள், வெற்றிலை வாய் மட்டும் சிவப்பு. ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று பிரதி. வெள்ளை கம்பெனிக்கு, ரோஸ் புத்தகத்தில், மஞ்சள் லாரியோடு போகும். கம்பெனியில் வெள்ளையும் இல்லை ரோஸும் இல்லை, அந்த மஞ்சள் சீட்டுகளைக் குப்பம்மா என்ன செய்தாள் என்று ஹில்டா கேட்டாள்.

குப்பம்மா மேலே கையைக் காட்டினாள். கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில் மாதத்துக்கு ஒரு கம்பியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கம்பியிலும் மஞ்சள் சீட்டுகள் கழுத்து வரை குத்தியிருந்தன. படிக்கத் தெரியாதவள், அதனால் எதையும் தூக்கிப் போட மாட்டாள்.

ஹில்டா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இதைக் கொடுத்தால் கம்பெனிக்காரன் உனக்குச் சாம்பலை நிறுத்திவிடலாம் என்பதையும் சொன்னாள்.

குப்பம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "நிறுத்தட்டுமே. நிறுத்திட்டு எங்க கொட்டுவான்? ஒரு நாள் நான் எடுக்கலன்னா அவன் அடுப்பு மூச்சு முட்டிக்கும்மா. இத்தினி வருசமா நான் அவனாண்ட கைகட்டிகினு நிக்கிறேன்னு அவன் நெனச்சிகினு கீறான். நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். எட்த்துகினு போ."

நாலாயிரத்துச் சொச்சம் சீட்டு, இரண்டு கோணிப் பை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா சபைப் பெண்கள் பத்துப் பேர் கோயில் ஹாலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எங்கள் கம்பெனி வாக்கைக் காப்பாற்றிவிட்டது என்று ஹில்டா பெருமை அடித்தது இவர்களிடம்தான். நான் சொன்னது பொய் என்று அவர்களிடம் சொல்வதுதான் அவளுக்கு அந்த வாரத்திலேயே கஷ்டமான வேலையாக இருந்தது.  ஆளுக்கொரு மாதத்தை எடுத்துக்கொண்டார்கள், சிலர் இரண்டு எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மொத்தம் வந்தது. முப்பத்திரண்டாயிரத்து நூற்றிருபது டன்.

புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கும் நாள். விடியற்காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் பூசிய சாம்பல் சிலுவையோடு ஹில்டா வேலைக்கு வந்தாள். பின்வாசலில் புதுப் பூட்டுத் தொங்கியது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே சாம்பல் லாரி ஒன்றும் உள்ளே வரக் கூடாது என்றும் உத்தரவாகியிருந்தது. குப்பம்மாவின் லாரிகள் வெளியே ரோட்டில் வரிசையாக நின்றன. வங்கிக்காரர்கள் போகும்வரை சாம்பலே கண்ணில் படக் கூடாது என்று இராமகிருஷ்ணன் நினைத்தார்.

பத்து மணிக்கு வங்கிக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், அவரோடு வங்கியின் சென்னை அலுவலகத்திலிருந்து ரகுநாதன் என்ற அதிகாரி. ஹில்டாவை உள்ளே கூப்பிட்டார்கள். இராமகிருஷ்ணன் அவள் நெற்றியைப் பார்த்தார்.

"இன்னிக்குன்னு பார்த்து சாம்பலோட வந்திருக்கீங்களேம்மா."

"இது கோயில் சாம்பல் சார். இதுக்குச் சீட்டு இல்ல."

காகிதத்தை அவள் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். ஹில்டா அதைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் நிதானமாக எழுதினாள். 97ஆம் ஆண்டு இந்த மேடை வழியாக வெளியே போன சாம்பல் முப்பத்திரண்டாயிரத்து நூற்றிருபது டன், எடை போட்டது நான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். கொண்டுவந்திருந்த இரண்டு கோணிப் பைகளையும் தூக்கி மேஜைமேல் வைத்தாள். நூறுக்கு நாற்பது என்று கணக்கை விளக்கினாள். 

ரகுநாதன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, வெள்ளைக்காரர் புருவத்தைத் தூக்கினார். இராமகிருஷ்ணன் அசரவில்லை. சாம்பல் புத்தகம் என்று ஒன்று கம்பெனியில் கிடையவே கிடையாது, இவை படிக்காத ஒரு பொம்பளையின் கொட்டகையில் யாரோ எழுதிக் குத்திய காகிதங்கள், எடை போடும் அம்மாவுக்குக் கம்பெனிமேல் ஏதோ மனக்கசப்பு என்று வருத்தமான குரலில் சொன்னார். அவ்வளவு அழகாகச் சொன்னார், ஹில்டாவுக்கே ஒரு நிமிடம் தன்மேல் சந்தேகம் வந்தது.

அப்போதுதான் கொதிகலன் ஆள் ஒருவன் தலையில் துண்டோடு வாசலில் வந்து நின்றான். இங்கே யார் இருக்கிறார்கள், என்ன பேச்சு நடக்கிறது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"சார், சாம்பல் தொட்டி ரொம்பி வாய் வரைக்கும் வந்துடுச்சு. நேத்து காலையிலருந்து ஒரு லோடு எடுக்கல. ஒண்ணு கேட்டைத் தொறங்க, இல்ல அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. இதுக்கு மேல என்னால ஆவாது."

 பின்வாசலைப் பூட்டலாம், புத்தகத்தை ஒளிக்கலாம், நேற்று எரிந்ததன் சாம்பலை எதில் பூட்டுவது? அடுப்பை அணைத்தால் எஸ்டேட் முழுக்க இருட்டு. ரகுநாதன் எழுந்தார். திறக்கச் சொல்லுங்கள், நாங்களும் பார்க்கிறோம் என்றார்.

லாரிகள் உள்ளே வந்தன. முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் குப்பம்மா உட்கார்ந்திருந்தாள், தேரில் வருவதுபோல. ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக மேடையில் ஏறின. டிரைவர் இறங்கினான், கிளீனர் இறங்கினான், ஹில்டா குப்பம்மாவையும் இறங்கச் சொன்னாள். வெள்ளைக்காரர் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று, ஒவ்வொரு எடைக்கும் தன் நோட்டில் ஒரு கோடு போட்டார். செவ்வாய்க்கிழமை கரி வரவு பதினாறு லாரி, நூற்றறுபது டன் என்று இராமகிருஷ்ணன் காட்டிய புத்தகமே சொன்னது. அந்தக் கணக்குக்குச் சாம்பல் அறுபத்துநாலு டன்தான், எட்டாவது லாரியோடு தொட்டி காலியாகியிருக்க வேண்டும். ஒன்பதாவது வந்தது. பத்தாவது வந்தது. பதினோராவது லாரிக்கு ஹில்டா சீட்டு எழுதியபோது வெள்ளைக்காரர் நோட்டை மூடினார். அவருக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர்கள் சாப்பிடாமலே போனார்கள். கடன் நின்றது. வெளியிலிருந்து ஆள் வைத்து ஒரு வருடம் உண்மை எடையைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது கூண்டைப் பற்றிப் பேச்சு என்று ரகுநாதன் எழுதிக் கொடுத்தார். இராமகிருஷ்ணன் நாலு மணிக்கு ஹில்டாவின் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

வியாழக்கிழமை ஹில்டா வீட்டில் இருந்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக வேலை நாளில் துணி துவைத்தாள். நல்லது செய்தோம் என்ற நிறைவு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம்தான் இருந்தது. பெரியவளின் பரீட்சைக் கட்டணம், மளிகை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று ஒருதரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதே வியாழக்கிழமை கம்பெனியில் வேறொன்று நடந்தது. காலையில் குப்பம்மாவின் லாரிகள் வந்தன. மேடையில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் எழுதிய சீட்டை டிரைவர்கள் வாங்கவில்லை. ஹில்டா கையெழுத்து இல்லாத சீட்டுக்குக் குப்பம்மா வாடகை தர மாட்டாள் என்று சொல்லிவிட்டு, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கம்பெனி தன் சொந்த லாரியில் சாம்பலை ஏற்றி ஏரிக்குள் கொட்டப் பார்த்தது. ஊர்க்காரர்கள் எல்லா டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு டிரைவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். பதினோரு மணிக்குத் தொட்டி முக்காலுக்கு மேல் ஏறியது. மத்தியானம் வாய்க்கு வந்தது.

மூன்று மணிக்கு ஹில்டா வீட்டு வாசலில் கம்பெனி ஜீப் நின்றது. இராமகிருஷ்ணனே வந்திருந்தார், முதலாளி அனுப்பியதாகச் சொன்னார். ஹில்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வருகிறேன், ஆனால் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும், கரி ஒவ்வொரு லாரியும் மேடைமேல்தான் ஏற வேண்டும், புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்ப வேண்டும் என்றாள். கூட ஒன்றும் கேட்டாள். இனிமேல் சீட்டில் தன் ஒரு கையெழுத்து மட்டும் போதாது, மேனேஜர் கையெழுத்தும் வேண்டும்.

செங்கல் குப்பம்மாவிடமிருந்து வந்தது. சாம்பல் கல்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹில்டா இருபது கிலோ கற்கள் பத்தையும் நாலு மூலைக்கும் நகர்த்திச் சரிபார்த்தாள். சாயங்காலம் பூங்காவனத்தின் லாரி மேடைமேல் ஏறியது. அன்றைக்கு அது இருபத்திரண்டாவது. முணுமுணுத்துக்கொண்டே அவன் இறங்கி ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றான். வெளியே வாசல் பலகையில் வானத்துக்குக் கொடுத்த வாக்கு மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இராமகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் எழுதினால் கம்பெனி ஒரு பங்குகூடக் குறைக்கவில்லை என்று உலகத்துக்கே தெரிந்துவிடும் என்றார்.

தெரியட்டும், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால்தானே அங்கிருந்து குறைக்க முடியும் என்றாள் ஹில்டா. பத்து டன் என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். சீட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் வெயிலில் காத்திருந்தான்.

"போடுங்க சார்," என்றாள் ஹில்டா. "கையெழுத்துதானே."